"எதிர்காலத்த யோசிச்சாதான் குடிக்கத் தோணுது"ங்கிறான் தம்பி, என்ன செய்யுறதுன்னு தெரியல

திருச்சி_அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க வாசிக்க மட்டும்தான் செஞ்சேன், எழுதுறது இதான் முதல் தடவ, நீளமா போனா பொறுத்துக்கங்க.

என் தம்பிக்கு 24 வயசு. டிரிபிள்ஈ படிச்சான், 2022-ல முடிச்சான். நடுவுல பாதி படிப்பு வீட்ல போன பாத்துக்கிட்டே போச்சு. 2021 மே மாசம் கொரோனா ரெண்டாவது அலையில அப்பா போயிட்டாங்க, அவனால ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான் போக முடிஞ்சுது, உள்ள விடல. அப்புறம் கேம்பஸ்ல ஒரு கம்பெனில ஆஃபர் லெட்டர் வந்துச்சு, அம்மா அத பூஜை ரூம்ல வச்சாங்க. ஜாயினிங் தேதிய மூணு தடவ தள்ளிப் போட்டு கடைசில ஒரு மெயில்ல இல்லன்னுட்டாங்க. இப்ப சாப்பாடு டெலிவரி ஓட்டுறான்.

குடி முன்னாடி ஃப்ரெண்ட்ஸோட மாசத்துக்கு ஒருநாள் ரெண்டுநாள். இப்ப ஒரு வருஷமா அனேகமா தினம், தனியா, மாடில, ஒரு குவார்ட்டர், சில நாள் அதுக்கு மேல. அடிக்கிறது திட்டுறது எதுவும் கிடையாது, அமைதியா குடிச்சுட்டு படுத்துடுவான், அதுவே எனக்கு பயமா இருக்கு. போன வாரம் நான் உக்கார வச்சு பேசுனேன், உன் எதிர்காலத்த கொஞ்சம் யோசிடா, முப்பது வயசுல எங்க இருப்பன்னு யோசிடான்னு. அவன் கோவமே படாம சொன்னான், "அக்கா, அத யோசிச்சாதான் குடிக்கத் தோணுது. நீ தினம் அதையே ஞாபகப்படுத்துற." எனக்கு அதுக்கு மேல பேச்சே வரல.

எங்க சொந்தத்துல எல்லாரும் சொல்றது இந்த காலத்து பசங்களுக்கு நாளையப் பத்தி நினைப்பே இல்ல, இன்னைக்கு ஜாலி, அதான் குடின்னு. இவன் விஷயத்துல அது சரியா பொருந்தல. காலத்த ஒருத்தர் மனசுல எப்படி வச்சிருக்காங்கங்கிறதுக்கும் குடிக்கும் உண்மையிலயே சம்பந்தம் இருக்கா? தெரிஞ்சவங்க, அனுபவிச்சவங்க யாராச்சும் சொல்லுங்க. புத்திமதி வேணாம், அது வீட்லயே நிறைய கிடைக்குது.


மனசு_மாணவி:

அக்கா, உங்க தம்பி சொன்ன அந்த வரிய மூணு தடவ படிச்சேன். நான் கிளினிக்கல் சைக்காலஜி எம்ஃபில் பண்றேன், டாக்டர் கிடையாது, ஆனா நீங்க கேட்டதப் பத்தி படிச்சிருக்கேன், அதனால எழுதுறேன்.

சம்பந்தம் இருக்கு. 1999-ல பிலிப் ஜிம்பார்டோ, ஜான் பாய்டுன்னு ரெண்டு சைக்காலஜிஸ்டுங்க 56 வாக்கியம் வச்சு ஒரு கேள்வித்தாள் வெளியிட்டாங்க. அதுல மனசுல இருக்கிற காலத்த அஞ்சு பக்கமா பிரிச்சாங்க. கசந்து போன நேத்து, நினைச்சா இனிக்கிற நேத்து, இருக்கிற வரைக்கும் சந்தோஷமா இருப்போம்ங்கிற இன்னைக்கு, நாம என்ன பண்ணி என்ன ஆகப்போகுதுங்கிற இன்னைக்கு, அப்புறம் நாளைக்கு. அதே வருஷம் கியோங்கிற இன்னொரு ஆய்வாளரோட சேந்து அவங்களே 2,600 பேருக்கு மேல கேட்டுப் பாத்ததுல இன்னைக்குப் பக்கம் சாயுறவங்களுக்கு சிகரெட், குடி, போதை மூணும் அதிகம்னு வந்துச்சு. உங்க சொந்தக்காரங்க சொல்றது இதுல பாதி.

மிச்ச பாதி என்னன்னா, அந்த "இன்னைக்கு"லயே ரெண்டு இருக்கு பாருங்க. ஒருத்தன் கல்யாண வீட்டு மாடில பத்து பேரோட சிரிச்சுக்கிட்டே குடிக்கிறான். இன்னொருத்தன் என்ன பண்ணாலும் நடக்கிறதுதான் நடக்கும்னு தனியா உக்காந்து குடிக்கிறான். ரெண்டு பேர் கைலயும் ஒரே கிளாஸ், உள்ள ஓடுறது வேற வேற. அந்த ரெண்டாவது வகைக்கும் மனச்சோர்வுக்கும் நெருங்கின தொடர்பு உண்டுன்னு அந்த 1999 கட்டுரையிலயே இருக்கு.

அதுக்கப்புறம் ஃபிராங்க் வொரெல், ஜீனா மெல்லோ ரெண்டு பேரும் இன்னும் ஒருபடி போய் வேற மாதிரி கேட்டாங்க. நீ எந்தக் காலத்தப் பத்தி யோசிக்கிறன்னு கேக்காம, அந்தக் காலத்த நினைச்சா உனக்கு எப்படி இருக்குன்னு கேட்டாங்க. 30 வாக்கியம், நேத்து இன்னைக்கு நாளைக்கு மூணுக்கும் நல்ல உணர்வு கெட்ட உணர்வு தனித்தனியா. மைக்கேல் மெக்கே குழு வட அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கத்து பசங்ககிட்ட அத வச்சுப் பாத்தப்ப மூணு காலத்து மேலயும் கசப்பு வச்சிருந்த பசங்ககிட்ட பிரச்சனையான குடி கூடுதலா இருந்துச்சு, மூணையும் ஓரளவு நல்லபடியா பாத்தவங்ககிட்ட கம்மி. இதுல எது முதல்ல வந்துச்சு, கசப்பா குடியான்னு இந்த மாதிரி ஆய்வ மட்டும் வச்சு சொல்லிட முடியாது, அதையும் சொல்லிடணும்.

உங்க தம்பிக்கு நாளைங்கிறது கண்ணுக்கு தெரியாம இல்லக்கா. நல்லா தெரியுது, தெரியுறது பயமா இருக்கு. அத உத்துப் பாருன்னு நாம சொல்ற ஒவ்வொரு தடவையும் அந்த பயத்ததான் கிளறுறோம்னு நினைக்கிறேன்.


தெற்குவாசல்:

மதுரைக்காரன் நான், வயசு 58. தங்கச்சிக்கு ஆறுதல். ஆனா இந்த பேச்சு எனக்கு ஒத்துக்கல, மனசுல பட்டத சொல்லிடுறேன்.

பயலுக மனச ஆராயுறதுக்கு முன்னாடி தெருவ ஆராயுங்கய்யா. 2003 நவம்பர்ல இருந்து டாஸ்மாக்கே நேரடியா சில்லறைல விக்குது. மதியம் 12 மணிக்கு தொறந்து ராத்திரி 10 வரைக்கும். 21 வயசுக்கு கீழ குடுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, கவுண்டர்ல யாரும் வயசு கேட்டு நான் பாத்ததில்ல. எங்க காலத்துல சாராயம் வேணும்னா ஊருக்கு வெளிய போகணும், நாலு பேர் கண்ணுல படணும், அந்த வெக்கமே பாதி பேர தடுத்துச்சு. இப்ப வீட்டுக்கும் கடைக்கும் நடுவுல ஒரு டீக்கடைதான் இருக்கு. 2023 ஜூன்ல 500 கடைய மூடுனாங்க, மூடுன கடைக்கு பக்கத்து கடைல கூட்டம் ரெண்டு மடங்கு நின்னுச்சு, நானே பாத்தேன்.

வேலை இல்ல, கையில போனு, பக்கத்துல கடை. இதுல காலம் எங்கருந்து வந்துச்சு? எல்லாத்தையும் அவன் மனசுல இருக்குன்னு சொன்னா கடைசில தப்பு அவன் தலைல போய் நிக்கும்.


ஓவர்லாக்:

தெற்குவாசல் ஐயா சொல்றதும் நெசந்தானுங்க, அந்த புள்ள எழுதுனதும் நெசந்தானுங்க. நான் திருப்பூர்ல ஓவர்லாக் டெய்லர், 29 வயசு, சொந்த ஊரு தேனிப் பக்கம், இங்க வந்து பதினோரு வருசம் ஆகுது, பேச்சே கொங்குப் பேச்சாப் போச்சு.

எங்க ஊருல காலம்னா என்னன்னு சொல்றேன் கேளுங்க. எங்களுக்கு மாசமே கெடையாது, வாரந்தான். காலைல எட்டரைக்கு உள்ள போனா நைட்டு எட்டரை, ஒன்றரை சிப்ட்டுன்னு சொல்லுவோம், சிப்மெண்ட் இருந்தா விடிய விடிய. சனிக்கெழம நைட்டு சம்பளம். ஞாயித்துக்கெழம லீவு. மொத்த வாழ்க்கையும் சனிக்கெழம எட்டரைல ஆரம்பிச்சு ஞாயித்துக்கெழம நைட்டு முடிஞ்சிரும். திங்கக்கெழம காலைல கைல நூறு ரூவா இருக்காது, பேக்கரில கணக்கு வச்சு டீ குடிச்சிட்டு அடுத்த சனிக்கெழமைய பாத்து ஓட்டுறது. பீஸ் ரேட்டுல ஆர்டர் இருந்தா காசு, இல்லீன்னா இல்ல, அடுத்த மாசம் கம்பெனி ஓடுமான்னு மொதலாளிக்கே தெரியாது. அப்படி இருக்கறப்ப அஞ்சு வருசம் கழிச்சு என்ன பண்ணுவேன்னு ஒருத்தன் கேட்டா சிரிப்புத்தான் வரும். நானும் ரூம்ல இருந்த ஏழு பேரும் ஆறு வருசம் சனிக்கெழம நைட்டு ஒரே மாதிரிதான் கழிச்சோம், கம்பெனில இருந்து நேரா கடை, அங்கிருந்து ரூமு. சம்பளத்துல பாதி அங்கயே போயிரும், அது மொதல்ல, மெஸ்ஸுக்கு குடுக்குறது அப்புறம்.

எனக்கு மாறுனது எப்படின்னா, யாரும் புத்தி சொல்லி இல்லீங்க. எங்க லைன்ல செக்கிங் பாக்கற ஒரு அக்கா வாரச் சீட்டு புடிச்சுது, ஐநூறு ரூவா, இருபது பேரு. சும்மா சேந்தேன். சனிக்கெழம ஒம்போது மணிக்கு அந்தக்கா வீட்டுல காசு கட்டோணும், நேர்ல வரோணும், குடிச்சிட்டு வந்தா வாசல்லயே நிறுத்திப்போடும். அந்த அரை மணி நேரம்தான். கம்பெனிக்கும் கடைக்கும் நடுவுல ஒரு வேல வந்துருச்சு. ஒம்பதாவது வாரம் எனக்கு சீட்டு விழுந்துச்சு, கைல மொத்தமா காச பாத்தது அப்பத்தான் மொத தடவ. அன்னைக்குத்தான் எனக்கு ஒரு வாரத்துக்கு அப்பறமும் வாரம் இருக்குதுன்னு மண்டைல ஏறுச்சு. குடி மொத்தமா நிக்கல, பொய் சொல்ல மாட்டேன், தீபாவளி பொங்கல்னா இன்னும் உண்டு. ஆனா வாராவாரம்ங்கிறது போயிருச்சு.

அதுக்கு முன்னாடி எங்கம்மா எத்தன தடவ அழுதுச்சு, பின்னாடி நெனச்சுப் பாருடான்னு. பின்னாடின்னு ஒன்னு இருக்கறத யாராச்சும் கைல குடுத்தாத்தான நம்பறதுக்கு.


மனசு_மாணவி:

ஓவர்லாக் அண்ணா, நீங்க எழுதினதுக்கு அப்படியே பொருந்துற ஒரு ஆய்வு இருக்கு, சொல்லாம இருக்க முடியல.

குழந்தை முன்னாடி ஒரு மிட்டாய் வச்சு, நான் வர்ற வரைக்கும் சாப்பிடாம இருந்தா ரெண்டு தருவேன்னு சொல்ற சோதனை கேள்விப்பட்டிருப்பீங்க. காத்திருக்கிற குழந்தை கெட்டிக்காரக் குழந்தைன்னு ரொம்ப வருஷமா சொல்லிட்டு இருந்தாங்க. 2013-ல செலஸ்ட் கிட்டும் கூட இருந்தவங்களும் அமெரிக்காவுல ராச்சஸ்டர்ல 28 குழந்தைங்கள வச்சு அதுக்கு முன்னாடி ஒரு வேலை செஞ்சாங்க. பாதி குழந்தைங்ககிட்ட, பொறு, நல்ல கலர் பென்சில் கொண்டு வர்றேன்னு சொல்லி கொண்டு வந்து குடுத்தாங்க. மிச்ச பாதிக்கிட்ட அதையே சொல்லிட்டு, மன்னிச்சுக்கோ இல்லன்னு வெறுங்கையோட வந்தாங்க. அப்புறம்தான் மிட்டாய். சொன்னபடி செஞ்ச ஆளுக்காக குழந்தைங்க சராசரியா 12 நிமிஷம் காத்திருந்துச்சு. ஏமாத்துன ஆளுக்கு 3 நிமிஷம்.

மூணு தடவ ஜாயினிங் தேதி தள்ளிப்போட்டு மெயில் வந்த பையன இப்ப நினைச்சுப் பாருங்க. பொறுமை இல்லன்னு அவன சொல்றது எவ்வளவு அநியாயம். தெற்குவாசல் ஐயா, நீங்க பயப்படுறது எனக்கும் பயம்தான், ஒருத்தர் மனசுல காலம் எப்படி இருக்குங்கிறது அவருக்கு வெளிய நடந்ததுலருந்துதான் பாதி வருது. கடை பக்கத்துல இருக்கிறதும் அதுல சேத்திதான். இன்னைக்குங்கிறது பத்தடில கிடைச்சு, நாளைங்கிறது எங்கயோ மெயில்ல தொங்கிட்டு இருந்தா எது ஜெயிக்கும்?


குரூப்4_நாலாவது_தடவை:

நான் உள்ள வரலாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். எல்லாரும் நாளைய பத்தி நினைப்பு இல்லாததால குடி, நாளைய பயந்து குடின்னு பேசுறீங்க. நான் மூணாவது வகை.

எனக்கு 27. நாலு வருஷமா டிஎன்பிஎஸ்சி. எனக்கு எதிர்காலம் தவிர வேற எதுவுமே கிடையாது. நோட்டிபிகேஷன் எப்ப, எக்ஸாம் எப்ப, ஆன்சர் கீ எப்ப, ரிசல்ட் எப்ப, கவுன்சிலிங் எப்ப. இருக்கிற வாழ்க்கைய அப்படியே நிறுத்தி வச்சிருக்கேன். நல்ல சட்டை வேலை கிடைச்சப்புறம், பல்லு வலிக்கு டாக்டர் வேலை கிடைச்சப்புறம், பிடிச்ச பொண்ணுகிட்ட பேசுறது வேலை கிடைச்சப்புறம். குடிய விடுறதும் அந்த லிஸ்ட்ல கடைசில இருக்கு, வேலை கிடைச்ச அன்னைக்கு விட்டுடுவேன்னு மனசார நம்புறேன். இப்ப இருக்கிற நாளெல்லாம் கணக்குல வராத நாள் மாதிரி. கணக்குல வராத நாள்ல குடிச்சா என்ன, குடிக்காட்டி என்ன.

எக்ஸாமுக்கு முந்தின ரெண்டு மாசம் தொடவே மாட்டேன், லைப்ரரில காலைல கதவு தொறக்கும்போது முதல் ஆளா நிப்பேன். எக்ஸாம் முடிஞ்ச அன்னைக்கு ஆரம்பிக்கும், ரிசல்ட் வர்ற வரைக்கும் பல மாசம் ஓடும். படிக்கவும் மனசு வராது, வேற வேலைக்கு போகவும் பயம், வந்துட்டா என்ன பண்றதுன்னு. அந்த காத்திருக்கிற மாசங்கள்லதான் நான் கெட்டுப்போனது. எதிர்காலத்த நினைக்கிறவன் குடிக்க மாட்டான்னு யாராவது எழுதி வச்சிருந்தா அவங்க என் ரூமுக்கு வந்து பாக்கணும்.

மத்தவங்களுக்கு இத சொன்னதில்ல. இங்க எழுதுனது ஒருமாதிரி லேசா இருக்கு.


மனசு_மாணவி:

நல்லதுங்க நீங்க எழுதினது. அந்த "கணக்குல வராத நாள்"ங்கிறத நான் மறக்கவே மாட்டேன். அந்த பல்லு வலிக்கு மட்டும் இந்த வாரமே போய்ட்டு வாங்க, ரிசல்ட்டுக்கும் பல்லுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.


ஆறுவருஷம்:

நான் குடிச்சு நிறுத்தினவன். 33 வயசு. பேர வச்சே தெரியும், வர்ற கார்த்திகை வந்தா ஏழு ஆகும். 19-ல ஆரம்பிச்சு 27-ல நிறுத்தினேன், நடுவுல நிறுத்தினேன் நிறுத்தினேன்னு எத்தன தடவ சொன்னேன்னு கணக்கில்ல. அக்கா தம்பிக்காக எழுதுறேன், கொஞ்சம் நீளம்.

மொத விஷயம் மாலை. நான் அஞ்சு வருஷம் சபரிமலைக்கு மாலை போட்டவன். 48 நாள் ஒரு சொட்டு தொட மாட்டேன். காலைல பச்சத்தண்ணில குளியல், சாயங்காலம் பூஜை, வெறும் கால், எதிர்ல வர்றவன் எல்லாம் "சாமி"ன்னு கூப்பிடுவான், கடைப்பக்கம் போனா கடைக்காரனே வேணாம் சாமின்னு சொல்லுவான். மலைக்கு போய்ட்டு வந்து மாலைய கழட்டுன ராத்திரியே குடிச்சேன், அஞ்சு வருஷமும். ஊரே சிரிச்சுச்சு. நானும் ரொம்ப நாள் இத என் கேவலமா மட்டும்தான் நினைச்சேன். பின்னாடி யோசிச்சப்ப வேற ஒன்னு புரிஞ்சுது, 48 நாள் முடிஞ்சுதுல்ல என்னால? ஏன் முடிஞ்சுதுன்னா அதுக்கு ஒரு கரை இருந்துச்சு, கூட ஆள் இருந்தாங்க, ஒவ்வொரு நாளும் காலைலருந்து ராத்திரி வரைக்கும் செய்யுறதுக்கு ஒரு வேலை இருந்துச்சு. கரை தெரியாத 49-வது நாள்தான் என்ன முழுங்குச்சு. வாழ்நாள் முழுக்க தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணும்போதெல்லாம் நெஞ்சு அடைச்சுக்கும், அம்மா தலைல கை வச்சுட்டு அன்னைக்கு சாயங்காலமே குடிச்சிருக்கேன். பொய் சத்தியம் இல்ல அது, அவ்வளவு பெரிய காலத்த என்னால தூக்க முடியல.

குடிநோயாளிகள் கூட்டம், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அங்க போனப்பதான் அதுக்கு ஒரு பேர் கிடைச்சுது. 1935-ல அமெரிக்காவுல ஆக்ரன்ங்கிற ஊர்ல ரெண்டு குடிகாரங்க ஒருத்தர ஒருத்தர் புடிச்சுக்கிட்டு ஆரம்பிச்சது, நம்ம ஊர்கள்ல சர்ச் ஹால்லயும் ஸ்கூல் ரூம்லயும் தமிழ்லயே கூடுவாங்க. அங்க யாரும் உங்க எதிர்காலத்த யோசிங்கன்னு சொல்லல. இன்னைக்கு ஒருநாள் மட்டும் குடிக்காம இரு, நாளைக்கு வா, பாத்துக்கலாம். அவ்வளவுதான். ஒருநாள்ங்கிறது என்னால தூக்க முடிஞ்ச கனம். முதல் மாசம் அதுவும் முடியாம மதியம் வரைக்கும், சாயங்காலம் வரைக்கும்னு வெட்டி வெட்டி ஓட்டுனேன்.

ரெண்டாவது விஷயம், நேத்து. அக்கா, உங்க தம்பியப் பத்தி எல்லாரும் நாளைய பத்தியே பேசுறாங்க. எனக்கு படிக்கும்போதே அப்பா விஷயம்தான் குத்துச்சு. நான் குடிச்சது பெரும்பாலும் பின்னாடி பாத்துதான். விடியக்காலம் நாலு மணிக்கு முழிப்பு வரும், பழசெல்லாம் வரிசையா வந்து கட்டில் ஓரத்துல நிக்கும், அத கலைக்கிறதுக்கு அடுத்த நாள் குடி. அவன் ஆஸ்பத்திரி வாசல்ல நின்ன நாளப் பத்தி வீட்ல யாராச்சும் அவன்கிட்ட பேசியிருக்கீங்களா? கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

மூணாவது, இது ரொம்ப முக்கியம், தயவுசெஞ்சு எல்லாரும் படிங்க. தினம் குடிக்கிறவன திடீர்னு நாளைலருந்து நிறுத்துன்னு வீட்ல பூட்டி வைக்காதீங்க. நிறுத்தின ஆறு மணி நேரத்துலருந்து ரெண்டு நாளைக்குள்ள வலிப்பு வரலாம். ரெண்டாவது நாள்லருந்து நாலாவது நாளைக்குள்ள ஆள் குழம்பிப்போய் இல்லாதது கண்ணுக்குத் தெரியுறது, உளறுறது, உடம்பெல்லாம் நடுங்குறதுன்னு போய் உயிருக்கே ஆபத்தாகலாம். எங்க தெருவுல ஒருத்தர் மாலை போட்ட மூணாவது நாள் இப்படி ஆகி, சாமி வந்திருக்குன்னு கற்பூரம் காட்டிட்டு இருந்தாங்க, ஆஸ்பத்திரிக்கு போறதுக்குள்ள ரொம்ப மோசமாயிடுச்சு. காலைல கை நடுங்குதா, குடிச்சாதான் நடுக்கம் நிக்குதான்னு பாருங்க. அப்படி இருந்தா டாக்டர் மாத்திரையோடதான் நிறுத்தணும்.

அதே மாதிரி பஸ் ஸ்டாண்டு சுவத்துல ஒட்டியிருப்பாங்களே, குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்னு, அந்த பவுடர் பக்கம் போகவே போகாதீங்க. அதுல என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. குடிய நிறுத்த டாக்டருங்க குடுக்குற டைசல்பிராம் மாதிரி மருந்து இருந்து, அது தெரியாம மேல குடிச்சான்னா ப்ரஷர் இறங்கி ஆளே போகலாம்.


திருச்சி_அக்கா:

எல்லாத்தையும் ரெண்டு தடவ படிச்சேன், சமையக்கட்டுல நின்னு அழுதேன்.

ஆறுவருஷம் அண்ணா, இல்ல. யாரும் பேசல. அப்பா பேர எடுத்தா அம்மா உடைஞ்சிடுவாங்கன்னு நாங்க ரெண்டு பேரும் வாயே தொறக்கிறதில்ல, நாலு வருஷமாச்சு. கை நடுக்கம் காலைல லேசா இருக்கு, டீ கிளாஸ ரெண்டு கையாலயும் புடிக்கிறான், நான் குளிர்னு நினைச்சிட்டு இருந்தேன்.

மனசு மாணவி தங்கச்சி, எதிர்காலத்த பத்தி பேசவே கூடாதுன்னா என்னதான் பேசுறது? ஒன்னுமே பேசாம விட்டா அது கைவிட்ட மாதிரி ஆகாதா?


மனசு_மாணவி:

பேசலாம் அக்கா, தூரத்த மட்டும் குறைங்க.

1998-ல வுச்சினிச், சிம்ப்சன் ரெண்டு பேரும் ஒரு ஆய்வு பண்ணாங்க. நம்ம ஊர் கணக்குல சொன்னா இன்னைக்கு 500 ரூவா வேணுமா, ஒரு மாசம் கழிச்சு 1,000 வேணுமாங்கிற மாதிரி கேள்விங்க. அதிகமா குடிக்கிறவங்க மனசுல தள்ளி வர்ற காசோட மதிப்பு சீக்கிரம் கரைஞ்சு போகுதுன்னு பாத்தாங்க. 2001-ல நான்சி பெட்ரி இன்னொன்னு பாத்தாங்க, இப்ப குடிச்சுட்டு இருக்கிறவங்க, விட்டவங்க, குடி பிரச்சனை இல்லாதவங்க மூணு கூட்டம். விட்டவங்க மற்ற ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்தாங்க. அது குடிய விட்டதால திரும்பி வந்ததா, இல்ல முதல்லயே அப்படி இருந்தவங்கதான் விட முடிஞ்சுதான்னு அத வச்சு சொல்ல முடியாது, இருந்தாலும் எனக்கு அதுல ஒரு நம்பிக்கை உண்டு.

வாரன் பிக்கல்னு ஒருத்தர் கூட்டம் இதையே திருப்பிப் போட்டு பாத்துச்சு. உன் எதிர்காலம்னு மொத்தமா கேக்காம, வரப்போற ஒரு குறிப்பிட்ட நல்ல விஷயத்த எங்க, யாரோட, என்ன வாசனை, என்ன சத்தம்னு நுணுக்கமா மனசுல ஓட்டிப் பாக்கச் சொன்னாங்க. 2016-ல வந்த ஆய்வுல குடிக்கு அடிமையானவங்ககிட்ட அப்படி செஞ்சப்ப அந்த நேரத்துக்கு குடி மேல இருக்கிற நாட்டமும் இறங்குச்சு, தள்ளி வர்றதோட மதிப்பும் கூடுச்சு. அதனால முப்பது வயசுல எங்க இருப்பன்னு கேக்காதீங்க. ஞாயித்துக்கிழமை அம்மாவ கூட்டிட்டு ஸ்ரீரங்கம் போலாமா, வர்ற வழியில எந்த கடைல டிபன் சாப்பிடலாம்னு கேளுங்க. அப்படி கேட்டத கட்டாயம் நடத்திடுங்க, கலர் பென்சில் ஞாபகம் இருக்கட்டும்.

இன்னொன்னு, தனியா மாடில குடிக்கிறது. கிளாட் ஸ்டீல், ராபர்ட் ஜோசப்ஸ் 1990-ல எழுதினது, போதை ஏறினா பார்வை கிட்டப்பார்வை ஆயிடும், கிட்ட இருக்கிறது மட்டும்தான் மனசுல நிக்கும். பக்கத்துல பேச்சோ ஆட்டமோ இருந்தா கவலை மறையும். எதுவுமே இல்லாம தனியா இருந்தா கவலைதான் கிட்ட நிக்கும், குடிச்சா அதுவே இன்னும் பெருசா தெரியும். மறக்கணும்னு மாடி ஏறுறான், அங்க அது இன்னும் கிட்ட வந்து உக்காருது. அவன தனியா விடாம இருக்கிறது, பக்கத்துல போய் சும்மா உக்காந்திருந்தா கூட, அதுவும் ஒரு உதவிதான்.

நடுக்கம் இருக்குன்னு சொன்னீங்களே, அதனால முதல்ல டாக்டர். அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு ஓபி இருக்கும், காசு கிடையாது. 10 கேள்வி உள்ள ஒரு தாள் குடுப்பாங்க, உலக சுகாதார நிறுவனம் தயாரிச்சது, 40-க்கு மார்க், 8 இல்ல அதுக்கு மேல வந்தா கவனிக்கணும்னு அர்த்தம். மனச்சோர்வு இருக்கான்னும் பாக்கச் சொல்லி கேளுங்க. ராத்திரி நேரத்துல பேசணும்னா 14416, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், தமிழ்லயே பேசுவாங்க. போதை சம்பந்தமா மட்டும்னா 14446. வாழ்ந்து என்ன பண்றதுங்கிற மாதிரி எதாவது பேசினான்னா காத்திருக்காம அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க.


தெற்குவாசல்:

தங்கச்சி, நான் முன்னாடி கொஞ்சம் வேகமா எழுதிட்டேன். கடைய மூடணும்ங்கிறதுல நான் மாறல, அது அரசாங்கத்துக்கிட்ட கேக்க வேண்டியது, கேட்டுக்கிட்டேதான் இருப்பேன். ஆனா அந்த மூணு நிமிசம் பன்னெண்டு நிமிசம் கணக்கு என்னைய ரெண்டு நாளா தூங்க விடல. என் மூத்தவனுக்கு பத்தாவதுல பைக் வாங்கித் தர்றேன்னு சொன்னேன், பன்னெண்டாவதுன்னேன், காலேஜுன்னேன். அவன் இப்ப என்கிட்ட எதையுமே கேக்குறதில்ல. பொறுப்பான பயன்னு ஊருக்குள்ள பெருமையா சொல்லிக்கிட்டு திரிஞ்சேன்.


திருச்சி_அக்கா:

மூணு வாரம் கழிச்சு வர்றேன், கேட்டவங்க எல்லாருக்கும் நன்றி.

ஞாயித்துக்கிழமை ஸ்ரீரங்கம் போனோம். மொத வாரம் அவன் வரல, நானும் அம்மாவும் மட்டும் போனோம், போறேன்னு சொன்னா போயிடணும்ல. ரெண்டாவது வாரம் வந்தான். கொள்ளிடக்கரைல உக்காந்திருந்தப்ப நானாதான் ஆரம்பிச்சேன், அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல எவ்வளவு நேரம் நின்னன்னு. ஒன்பது மணி நேரம்னான். ஒரு செக்யூரிட்டி தண்ணி பாட்டில் குடுத்தாராம். அப்பா உள்ள இருந்து போன் பண்ணியிருக்காங்க, சத்தம் சரியா கேக்கல, அப்புறம் பேசுறேன்பான்னு இவன் வச்சிருக்கான். அந்த அப்புறம் வரவே இல்ல. நாலு வருஷமா இத சுமந்துட்டு இருந்திருக்கான், எனக்கும் தெரியாது அம்மாவுக்கும் தெரியாது. அம்மா உடைஞ்சு போகல. அவன் முதுக தடவிட்டே இருந்தாங்க.

குடி நிக்கல. இந்த வாரம் ரெண்டு நாள் இல்லாம இருந்தான், மூணாவது நாள் நடுக்கம் தாங்காம குடிச்சான். அவனே வந்து சொன்னான், டாக்டர்கிட்ட போலாம்னு. வியாழக்கிழமை போறோம். நான் ஆஃபீஸ்ல லீவ் சொல்லிட்டேன்.


ஆறுவருஷம்:

அதுவரைக்கும் அவனா பட்டுன்னு நிறுத்த முயற்சி பண்ண வேணாம்னு சொல்லுங்க, டாக்டர் சொல்லட்டும். வலிப்பு வந்தாலோ ஆள் குழம்பினாலோ வியாழக்கிழமை வரைக்கும் பாக்காதீங்க, 108-க்கு போன் பண்ணுங்க. ஓபி டோக்கனுக்கு ஏழரைக்கே போயிடுங்க, கூட்டம் இருக்கும். ஆதார் எடுத்துக்கங்க. காலைல இட்லி எதாவது சாப்பிட வச்சு கூட்டிட்டுப் போங்க, வெறும் வயித்தோட வேணாம். எவ்வளவு குடிக்கிறான்னு டாக்டர் கேக்கும்போது நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க, அக்கா முன்னாடி குறைச்சுதான் சொல்லுவான்.


திருச்சி_அக்கா:

சரிங்கண்ணா. ஏழரைக்கு.